நெருப்பை விடச் சூடான காற்று!

சூரியனைச் சுற்றி ஒரு விசித்திரம். காந்த அலைகளின் வேலை என்கிறார்கள் விஞ்ஞானிகள்

அடுப்பில் உலை கொதிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது. நாலு அடி தள்ளி உட்கார்ந்தால் அனல் குறைகிறது. வாசலுக்கு வந்துவிட்டால் அடுப்பு எரிவதே தெரியாது.

நெருப்பை விட்டு விலக விலகச் சூடு குறையும். இது தவழும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

ஆனால் நமக்கெல்லாம் வெளிச்சம் தரும் சூரியனிடம் இந்தக் கணக்கு செல்லாது!

சூரியனின் நடு வயிற்றில் உஷ்ணம் சுமார் 1½ கோடி டிகிரி. வெளியே வர வர அது குறைகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் மேல்பரப்பில் சுமார் 5,500 டிகிரிதான். இதுவரை சரி. அடுப்புக் கணக்குத்தான்.

பூமியைச் சுற்றிக் காற்று இருப்பது போல, சூரியனைச் சுற்றியும் ஒரு வாயு மண்டலம் இருக்கிறது. மேலே போகப் போக அங்கே சூடு இன்னும் குறைய வேண்டும் அல்லவா? முதலில் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. பிறகு மெல்ல ஏறுகிறது. சுமார் 2,000 கிலோமீட்டர் உயரம் போனதும் ஒரே தாவாகத் தாவுகிறது. 10 லட்சம் டிகிரி! 20 லட்சம் டிகிரி!

அடுப்பு 5,500 டிகிரி. அதற்கு மேலே உள்ள காற்று 10 லட்சம் டிகிரி. இது என்ன கூத்து?

இந்தக் கேள்வி பிறந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பெரிய பெரிய மூளைகள் எல்லாம் இதில் மோதிப் பார்த்தன. இப்போதுதான் விடையின் முகம் தெரிகிறது.

சூரியனின் கிரீடம்

அந்தச் சூடான வெளி மண்டலத்துக்குப் பெயர் 'கொரோனா'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்! லத்தீன் மொழியில் அதற்குக் கிரீடம் என்று பொருள். 2020-ம் ஆண்டில் உலகத்தை ஆட்டிப்படைத்த நோய்க் கிருமியின் இனத்துக்கும் அதே பெயர்தான். கிருமியைச் சுற்றி முள் முள்ளாக நிற்பது சூரியனின் கிரீடம் போல இருந்ததால் அந்தப் பெயர் வைத்தார்கள். பெயர் முதலில் சூரியனுக்குத்தான் சொந்தம். நாமும் இங்கே கிரீடம் என்றே சொல்லுவோம்.

இந்தக் கிரீடத்தை நாம் ஏன் தினமும் பார்ப்பதில்லை? சூரியனின் முகம் அதைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு பிரகாசமானது. பெரிய விளக்குக்குப் பக்கத்தில் மின்மினி பறந்தால் தெரியுமா?

பூரண சூரிய கிரகணத்தின்போது சந்திரன் வந்து சூரியனின் முகத்தை முழுவதும் மறைத்துவிடுகிறது. அந்தச் சில நிமிடங்கள் மட்டும், கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளி இழைகள் விரிந்தது போலக் கிரீடம் தெரியும்.

2019-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிரகணம் பார்த்தோமே, அப்போது தெரிந்ததா என்று கேட்கலாம். தெரியவில்லை. அது வளைய கிரகணம். சந்திரனைச் சுற்றிச் சூரியன் வளையல் போலத் தெரிந்தது. அந்த வளையலின் வெளிச்சமே கிரீடத்தை மறைத்துவிடும்.

பச்சைக் கோடு

1869-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி அமெரிக்காவில் பூரண கிரகணம். சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அயோவா மாகாணத்தில் வேறு வேறு ஊர்களில் கருவிகளோடு காத்திருந்தார்கள்.

அவர்களிடம் இருந்தது ஒளியைப் பிரித்துக் காட்டும் கருவி. மழைத்துளி சூரிய ஒளியைப் பிரித்து வானவில் ஆக்குகிறது அல்லவா, அதே வேலைதான். எந்தப் பொருளையும் ஆவியாகும் அளவுக்குச் சூடாக்கினால் அது தனக்கென்று உள்ள நிறத்தில் கோடு கோடாக ஒளி விடும். அடுப்பில் உப்பைத் தூவினால் தீ மஞ்சளாகிறது. திருடனுக்குக் கைரேகை போல, பொருளுக்கு இந்த நிறக்கோடு.

கிரீடத்தின் ஒளியைப் பிரித்ததும் இருவர் கண்ணிலும் பட்டது ஒரு பச்சைக் கோடு. எந்தப் பொருளின் கைரேகையோடும் அது ஒத்துப் போகவில்லை!

'பூமியில் இல்லாத புதுப் பொருள் சூரியனில் இருக்கிறது' என்று முடிவு கட்டினார்கள். அதற்குக் 'கொரோனியம்' என்று பெயரும் சூட்டினார்கள். அதற்கு முந்தின ஆண்டுதான் சூரிய ஒளியில் இன்னொரு புதிய கோடு கிடைத்திருந்தது. அது ஹீலியம் வாயுவின் கோடு. ஹீலியம் 1895-ல் பூமியிலும் அகப்பட்டுவிட்டது. ஆகவே கொரோனியமும் ஒரு நாள் அகப்படும் என்று நம்பினார்கள்.

ஆண்டுகள் ஓடின. கொரோனியம் அகப்படவே இல்லை.

எப்படி அகப்படும்? அப்படி ஒரு பொருளே கிடையாது! 1939-ல் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி குரோட்ரியன் ஒரு துப்புக் கொடுத்தார். சுவீடன் நாட்டு விஞ்ஞானி எட்லேன் அதைப் பிடித்துக்கொண்டு போய் 1940-களின் தொடக்கத்தில் குட்டை உடைத்தார். பச்சைக் கோட்டுக்குச் சொந்தக்காரன் நம் வீட்டு அரிவாளிலும் இருப்புச் சட்டியிலும் இருக்கும் பழைய இரும்புதான்!

ஆனால் சாதாரண இரும்பு அல்ல. ஓர் இரும்பு அணுவில் 26 எலக்ட்ரான்கள் உண்டு. சூரியனின் கிரீடத்தில் இருக்கும் இரும்பு அணு அவற்றில் 13-ஐப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறது. சரி பாதி! அவ்வளவையும் பிய்த்து எறிய வேண்டுமானால் 10 லட்சம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்.

ஒரு புதிர் தீர்ந்தது. அதைவிடப் பெரிய புதிர் பிறந்தது. அவ்வளவு சூடு அங்கே எப்படி வந்தது?

மாவு மில்லில் அடுப்பு எரிகிறதா?

சூடு எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். ஆகவே 5,500 டிகிரி மேல்பரப்பு, வெறும் சூட்டினால் தனக்கு மேலே உள்ள வாயுவை 10 லட்சம் டிகிரிக்குக் கொண்டுபோக முடியாது. இது இயற்கையின் சட்டம்.

ஆனால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது.

மில்லில் மாவு அரைத்து வாங்கினால் டப்பா கையைச் சுடுகிறது. அங்கே அடுப்பா எரிகிறது? இல்லை. சுழலும் கல்லின் அசைவு உராய்வினால் சூடாக மாறியிருக்கிறது. அசைவுக்குச் சக்தி உண்டு. அந்தச் சக்தியை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே சூடாக மாற்றலாம்.

சூரியனின் மேல்பரப்பில் அசைவுக்குப் பஞ்சமே இல்லை. சோறு கொதிப்பது போல அது ஓயாமல் கொதிக்கிறது. ஒவ்வொரு கொப்புளமும் சுமார் 1,000 கிலோமீட்டர் அகலம். தமிழ்நாட்டையே அதற்குள் வைத்துவிடலாம்! பத்து நிமிடம் ஆவதற்குள் ஒரு கொப்புளம் மறைந்து வேறு கொப்புளம் எழும்.

சக்திக்கும் குறைவில்லை. சூரியனின் மேல்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டரும் 6 கோடி வாட்டுக்கு மேல் ஒளியையும் வெப்பத்தையும் கொட்டுகிறது. அமைதியான பகுதியில் கிரீடத்தைச் சூடாக வைத்திருக்க, சதுர மீட்டருக்குச் சுமார் 300 வாட் போதும். மூன்று 100 வாட் பல்பு எரிவதற்கான சக்தி! 2 லட்சம் ரூபாய் வைத்திருப்பவர் ஒரு ரூபாய் எடுத்துக் கொடுப்பது போலத்தான்.

ஆகவே பணம் இருக்கிறது. அதை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பவன் யார்? அதுதான் கேள்வி.

கொதிக்கும் சத்தமே ஒலி அலையாக மேலே போய்ச் சூடாக்குகிறது என்று 1940-களில் சில விஞ்ஞானிகள் சொன்னார்கள். பார்ப்பதற்கு நல்ல யோசனை. ஆனால் ஒலி அலைகள் பாதி வழியிலேயே உடைந்து தீர்ந்துவிடுகின்றன. 1975-ல் அமெரிக்கா ஏவிய ஒரு விண்கலம் சூரியனை அளந்து பார்த்தது. கிரீடம் வரை போய்ச் சேரும் ஒலி அலை யானைப் பசிக்குச் சோளப் பொரி என்று தெரிந்தது.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

இந்த இடத்தில்தான் ஹானெஸ் ஆல்வேன் வருகிறார்.

ஆல்வேன் 1908-ல் சுவீடனில் பிறந்தவர். தாய், தந்தை இருவருமே டாக்டர்கள். சிறுவனாக இருந்தபோது அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. பிளமேரியன் என்ற பிரெஞ்சுக்காரர் பொதுமக்களுக்காக எழுதிய வான நூல் அது. அதைப் படித்த பையனுக்கு வானத்தின் மீது பித்துப் பிடித்துவிட்டது.

1942-ம் ஆண்டு. ஐரோப்பா முழுவதும் யுத்தம். 34 வயது ஆல்வேன், இங்கிலாந்திலிருந்து வெளிவரும் 'நேச்சர்' பத்திரிகைக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். உலகம் அதுவரை கேள்விப்படாத ஓர் அலையைப் பற்றி அதில் சொன்னார்.

அந்த அலை என்ன? பூக்காரியின் கூடையிலிருந்து ஒரு சரம் எடுத்துக்கொண்டால் விளங்கிவிடும்.

பூச்சரமும் காந்தக் கோடும்

ஒரு காகிதத்துக்கு அடியில் காந்தத்தை வைத்து மேலே இரும்புத் தூளைத் தூவுங்கள். தூள் வளைவு வளைவாகக் கோடு கட்டி நிற்கும். காந்தத்தின் சக்தி அந்தக் கோடுகளின் வழியே பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சூரியனும் ஒரு காந்தம்தான். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளில் காந்த சக்தி இருப்பதை அமெரிக்காவின் ஹேல் 1908-லேயே கண்டுபிடித்துவிட்டார். சூரியனின் மேல்பரப்பிலிருந்து காந்தக் கோடுகள் புறப்பட்டு, கிரீடத்தின் ஊடே மேலே போகின்றன. சில வளைந்து மீண்டும் கீழே இறங்குகின்றன. சில விண்வெளிக்கே ஓடிவிடுகின்றன.

சூரியனில் உள்ள வாயு, நாம் மூச்சு விடும் காற்றைப் போன்றதல்ல. அந்தச் சூட்டில் அணுக்கள் உடைந்து, எலக்ட்ரான்கள் தனியே திரிகின்றன. அதனால் அந்த வாயுவில் மின்சாரம் பாயும். மின்சாரம் பாயும் வாயு காந்தக் கோட்டை விட்டு விலக முடியாது. நாரில் பூவைக் கட்டியது போல, கோட்டோடு கட்டுண்டு கிடக்கும்.

காந்தக் கோடு நார். வாயு பூ.

சரத்தின் ஒரு நுனியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மறு நுனியை நீங்கள் பிடித்து இழுத்து, பக்கவாட்டில் ஓர் உதறு உதறுங்கள். ஒரு நெளிவு சரத்தின் வழியே ஓடி அந்த முனைக்குப் போகும். உங்கள் கைப் பக்கத்தில் இருந்த பூ அங்கே போகவில்லை. அது இருந்த இடத்திலேயே ஆடியது. போனது அசைவு மட்டுமே. உங்கள் கையின் பலம் மறுமுனையில் இருப்பவர் கையில் போய்ச் சேர்ந்தது.

இதுதான் ஆல்வேன் அலை!

கீழே கொதிக்கும் வாயு காந்தக் கோடுகளின் அடியைப் பிடித்து உதறிக்கொண்டே இருக்கிறது. நெளிவுகள் மேலே ஓடுகின்றன.

வேகம் எவ்வளவு? வீணைக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியை முறுக்க முறுக்க அலை வேகமாக ஓடும். கம்பி கனமானால் மெதுவாகும். காந்தம் பலமாக இருந்து, வாயு லேசாக இருந்தால் அலை பறக்கும். கிரீடத்து வாயு நம் காற்றை விடச் சுமார் ஆயிரம் கோடி மடங்கு மெல்லியது. ஆகவே அங்கே இந்த அலை ஒரு நொடிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது!

1947-ல் ஆல்வேன் இன்னொரு கட்டுரை எழுதினார். சூரியனின் கொதிப்பிலிருந்து கிளம்பும் இந்த அலைகளே கிரீடத்தைச் சூடாக்குகின்றன என்று அதில் துணிந்து சொன்னார்.

தலையாட்டினார் பெர்மி

யாரும் நம்பவில்லை.

காரணம் உண்டு. மின்சாரமும் காந்தமும் கலந்த அலைகளில் ஒளியும் ஒன்று. செம்புத் தகட்டின் மீது ஒளி பட்டால் உள்ளே நுழையாது, திரும்பிவிடும். மின்சாரம் பாயும் பொருளுக்குள் அத்தகைய அலை போகாது என்பதே அக்காலத்துப் பாடம். சூரிய வாயு மின்சாரம் பாயும் பொருள் அல்லவா? அதற்குள் அலை ஓடுகிறது என்றால் எப்படி நம்புவார்கள்? 'அப்படி ஓர் அலை இருந்தால் முன்னோர்கள் சொல்லியிருக்க மாட்டார்களா?' என்றார்கள். (விஞ்ஞானிகள் வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு போலிருக்கிறது!)

1948-ல் ஆல்வேன் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் இதைப் பற்றிப் பேசினார். அணு விஞ்ஞானத்தில் உலகப் புகழ் பெற்ற பெர்மி கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சைக் கேட்ட பெர்மி, 'சந்தேகமென்ன, அப்படித்தான்' என்று தலையாட்டினாராம். அவர் தலை ஆடியதும் மற்றவர்கள் தலையும் ஆடிவிட்டதாக ஒரு கதை சொல்வார்கள்.

மறு ஆண்டு லுண்ட்குவிஸ்ட் என்ற சுவீடன் விஞ்ஞானி பாதரசத்தை எடுத்துக்கொண்டார். அது திரவம், மின்சாரமும் பாயும். பலமான காந்தத்துக்கு நடுவே பாதரசப் பாத்திரத்தை வைத்து, அடியில் ஒரு தட்டை இப்படியும் அப்படியும் திருகினார். அந்த ஆட்டம் பாதரசத்தின் மேல்புறத்தில் வந்து தெரிந்தது. ஆல்வேன் அலை பூமியில் கையும் மெய்யுமாகப் பிடிபட்டது!

1970-ல் ஆல்வேனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சூரியனின் கிரீடத்தில் அந்த அலையை யாரும் பார்க்கவில்லை. 1995-ல் ஆல்வேன் காலமானார். அப்போதும் பார்க்கவில்லை.

நாணல் போல ஆடியது

அவர் கண் மூடிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2007-ல் திரை விலகியது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாகாணத்து மலை உச்சி ஒன்றில், செயற்கைக் கிரகணம் உண்டாக்கும் தொலைநோக்கி இருந்தது. சூரியனின் முகத்தை ஒரு தட்டினால் மறைத்துவிட்டுக் கிரீடத்தை மட்டும் பார்ப்பார்கள். டாம்சிக் என்பவரும் கூட்டாளிகளும் அதில் ஒரு புதிய கருவியைப் பொருத்தினார்கள். கிரீடம் முழுவதும் அலைகள் ஓடிக்கொண்டிருந்தன! சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஆட்டம். காந்தக் கோடு போகும் வழியிலேயே அலையும் போனது. ஆனால் அளந்து பார்த்தால் சக்தி மிகக் குறைவு. கிரீடத்தைச் சூடாக்க அது காணாது. ஆல்வேனின் எதிர்க்கட்சிக்காரர்கள் சிரித்தார்கள்.

அதே 2007-ல் ஜப்பானின் 'ஹினோடே' விண்கலம் இன்னொரு காட்சியைக் காட்டியது. ஹினோடே என்றால் சூரிய உதயம். சூரியனின் ஓரத்தில் புல் முளைத்தது போல வாயுத் தாரைகள் எழுந்து நிற்கும். அவை காற்றில் நாணல் ஆடுவது போல, நொடிக்கு 10 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஆடின. அதில் நிறையச் சக்தி இருந்தது.

2011-ல் இன்னொரு விண்கலத்தின் படங்களை வைத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். அமைதியான பகுதியின் கிரீடத்தைச் சூடாக்க அலைகளின் சக்தி போதும் என்று வந்தது. கரும்புள்ளிகளைச் சுற்றிய முரட்டுப் பகுதிகளுக்கு மட்டும் போதவில்லை.

கட்டுமரக்காரருக்குத் தெரியும்

அலை வந்துவிட்டது. சூடு வந்ததா? இங்கேதான் முடிச்சு.

நடுக்கடலில் கட்டுமரத்துக்கு அடியில் அலை சத்தமில்லாமல் கடந்து போகும். கரைக்கு வந்து உடையும்போதுதான் நுரையும் இரைச்சலும். ஆல்வேன் அலையும் அப்படித்தான். வாயுவை நெருக்காமல், தொந்தரவு செய்யாமல் சும்மா ஓடிவிடும். சும்மா ஓடினால் சக்தி எப்படிச் சூடாகும்? அது உடைய வேண்டும்.

எங்கே, எப்படி உடைகிறது? மேலே போகும் அலைகளில் சில எதிரொலி போலத் திரும்பிக் கீழே வருகின்றன. போகிற அலையும் வருகிற அலையும் மோதி, பெரிய நெளிவு சின்ன நெளிவாகவும், சின்னது இன்னும் சின்னதாகவும் உடைகிறது. கடைசியில் மாவு மில் போல எல்லாம் உராய்ந்து சூடாகிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் ஓடும் அலைகள் தாளம் தப்பி ஒன்றோடொன்று உரசுவதும் உண்டு என்கிறார்கள்.

அமெரிக்காவின் யூஜின் பார்க்கர் 1988-ல் வேறு விதமாகச் சொன்னார். காந்தக் கோடுகள் பின்னல் சடை போல முறுக்கிக்கொள்கின்றன, முறுக்கு தாங்காமல் பட் பட்டென்று தெறிக்கின்றன, அந்தச் சின்னஞ்சிறு வெடிப்புகள்தான் சூடாக்குகின்றன என்பது அவர் கட்சி. கரும்புள்ளிகளின் பக்கத்தில் அவர் கட்சிக்குப் பலம் அதிகம். இரண்டு கட்சிக்கும் வழக்கு இன்னும் நடக்கிறது.

சூரியனுக்குள் ஒரு விண்கலம்

அந்தப் பார்க்கரின் பெயரிலேயே 2018 ஆகஸ்டு 12-ந் தேதி 'நாசா' ஒரு விண்கலத்தை அனுப்பியது. 91 வயதில் பார்க்கர் நேரில் நின்று அது கிளம்புவதைப் பார்த்தார். உயிரோடு இருப்பவர் பெயரை நாசா விண்கலத்துக்கு வைத்தது அதுவே முதல் முறை. 2022-ல் பார்க்கர் காலமானார்.

10 லட்சம் டிகிரிக்குள் போனால் விண்கலம் உருகாதா? தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்துகிறோம். அதன் பொறி ஒவ்வொன்றும் 1,000 டிகிரிக்கு மேல் சூடு. ஆனால் கையில் விழுந்தால் சுருக்கென்பதோடு சரி. பொறி அவ்வளவு சிறியது. கிரீடத்து வாயுவும் அப்படித்தான். மிகச் சூடு, மிகக் கொஞ்சம். விண்கலத்தை வாட்டுவது சூரியனின் நேர் வெயில்தான். அதற்காகச் சுமார் 11 சென்டிமீட்டர் தடிப்பில் கரிப் பொருளால் கவசம் போட்டிருக்கிறார்கள். கவசத்தின் முகப்பு 1,000 டிகிரி அளவுக்குக் காயும்போது, அதன் நிழலில் இருக்கும் கருவிகள் நம் வீட்டு அறையின் சூட்டில் சுகமாக இருக்கின்றன!

2021 ஏப்ரல் 28-ந் தேதி அது ஓர் எல்லையைத் தாண்டியது. சூரியனிலிருந்து சுமார் 1 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் அந்த எல்லை இருந்தது. அதற்கு உள்ளே காந்த அலையின் வேகம் அதிகம். சூரியனிலிருந்து வீசும் வாயுக் காற்றின் வேகம் குறைவு. ஆகவே அலை எதிர்நீச்சல் போட்டுக் கீழே திரும்ப முடியும். எல்லைக்கு வெளியே காற்று முந்திக்கொள்ளும். அலை திரும்ப முடியாது. சூரியனின் கிரீடம் முடியும் இடம் என்று விஞ்ஞானிகள் வகுத்த எல்லை அது. அதற்குப் பெயர் ஆல்வேன் எல்லை. மனிதன் செய்த ஒரு பொருள் சூரியனின் மண்டலத்துக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை.

2024 டிசம்பர் 24-ந் தேதி இன்னும் கிட்டே போயிற்று. 61 லட்சம் கிலோமீட்டர்! அப்போது அதன் வேகம் மணிக்கு 6 லட்சத்து 92 ஆயிரம் கிலோமீட்டர்.

வரவு - செலவு சரி!

விண்கலம் சூரியனின் அருகே கண்டது என்ன? காந்தக் கோடுகள் பாம்பு போல மடங்கித் திரும்பும் பெரிய பெரிய நெளிவுகள். இவையும் ஆல்வேன் அலையின் வகைதான்.

2022 பிப்ரவரியில் ஒரு நல்ல சந்தர்ப்பம் வாய்த்தது. சூரியனிலிருந்து புறப்பட்ட ஒரு காற்று வீச்சு முதலில் பார்க்கர் விண்கலத்தைக் கடந்தது. சுமார் இரண்டு நாள் கழித்து, வெள்ளி கிரகத்தின் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஐரோப்பிய விண்கலத்தையும் அதே காற்று கடந்தது. வண்டியில் ஏற்றிய சரக்கை இங்கே ஒரு தராசிலும் அங்கே ஒரு தராசிலும் நிறுத்தது போல!

முதல் இடத்தில் அலைகளுக்குப் பலம் அதிகம். இரண்டாம் இடத்தில் அலைகள் ஓய்ந்திருந்தன. ஆனால் காற்று, இருக்க வேண்டியதைவிடச் சூடாகவும் வேகமாகவும் இருந்தது. அலை இழந்த சக்தியும் காற்று பெற்ற சக்தியும் கணக்கில் பொருந்தின. 2024-ல் இந்த வரவு-செலவுக் கணக்கு வெளியாயிற்று.

இது கிரீடத்திலிருந்து கிளம்பி வெளியே வீசும் காற்றின் கணக்கு. கிரீடத்துக்குள்ளேயே இப்படி நிறுத்துப் பார்க்கும் வேலை பாக்கி இருக்கிறது. அதற்குத் துணையாக 2025-ல் ஹவாய்த் தீவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே மலை மேல் 4 மீட்டர் கண்ணாடியோடு கூடிய ராட்சதத் தொலைநோக்கி இருக்கிறது. அதன் மூலம், முறுக்கு அலையைப் பிடித்துவிட்டார்கள். துணியைப் பிழிவது போலக் காந்தக் கோட்டுக் கற்றையை இப்படியும் அப்படியும் திருகும் அலை அது. நம் பக்கம் வரும் ரயிலின் ஊதல் கீச்சென்றும், விலகிப் போகும் ரயிலின் ஊதல் தணிந்தும் கேட்கும் அல்லவா? ஒளியிலும் அந்த வித்தியாசம் உண்டு. கற்றையின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வர, மறுபக்கம் விலகிப் போவதை அதன் நிறத்திலிருந்தே கண்டுபிடித்தார்கள்.

நமக்கு என்ன?

15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் நடக்கும் விஷயத்தில் நமக்கு என்ன என்று கேட்கலாம். 1989-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். சூரியனின் கிரீடத்திலிருந்து கிளம்பிய வாயுப் புயல் பூமியின் காந்த மண்டலத்தை உலுக்கியது. மாகாணம் முழுவதும் மின்சாரம் போயிற்று. 60 லட்சம் பேர் சுமார் 9 மணி நேரம் இருட்டிலும் குளிரிலும் இருந்தார்கள். இன்று நம் டெலிபோன், வானிலை அறிக்கை, கப்பலுக்கு வழிகாட்டுவது எல்லாம் செயற்கைக் கோள்களை நம்பி இருக்கின்றன. புயல் பிறக்கும் இடம் அந்தக் கிரீடம்தான்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. கொடைக்கானல் மலையில் 1899-ல் தொடங்கிய சூரிய ஆராய்ச்சிக் கூடத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். அந்தக் கூடத்தை நடத்தும் பெங்களூர் வான் இயற்பியல் நிலையம்தான் 'ஆதித்யா' விண்கலத்தின் பெரிய கருவியைச் செய்தது. 2023 செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ அதை ஏவியது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர்! பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் தன் இடத்துக்கு 2024 ஜனவரி 6-ந் தேதி ஆதித்யா போய்ச் சேர்ந்தது. அங்கே இரவே கிடையாது. கருவிக்குள் ஒரு செயற்கைக் கிரகணம். சூரியனின் முகம் மறைந்து கிரீடம் மட்டும் தெரியும்.

கிரீடத்தின் ஒளியில் எந்த எந்தக் கோட்டைப் பார்ப்பது என்று முடிவு செய்து அந்தக் கருவியைக் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, 1869-ல் அயோவாவில் யங்கும் ஹார்க்னஸும் கண்டு திகைத்த அதே பச்சைக் கோடு.